முறைப்பாடு இல்லை

— முதல் வசனத்தை நீங்கள் அடிக்கேல்லை, தியாகண்ணை.

— அது பிழையான வசனம், பிள்ளை. அதுதான் விட்டிட்டன்.

— 'அண்டைக்கு நான் அந்தக் கோட்டில இருந்தனான்.' இதில என்ன பிழை?

— சட்டப்படி சொல்லப்போனா முழுக்கப் பிழை. நீர் அண்டைக்குக் கோட்டில இருக்கேல்லை, யோகமலர். கொழும்பில படிப்பிச்சுக்கொண்டிருந்தனீர். உம்மட தம்பியை ஆமிக்காரர் கொண்டுவந்து நீதவானுக்கு முன்னால நிப்பாட்டினது உமக்குக் கேள்விப்பட்ட கதை. காணாததைக் கண்டதெண்டு எழுதினா ஒட்டாவாவில கந்தோர்க்காரர் முழுக் கடிதத்தையும் குப்பையில போடுவாங்கள். அதுதான் 'எனக்கு அறியக்கிடைத்தது' எண்டு இங்கிலீசில வடிவா அடிச்சிருக்கிறன். பதினெட்டு வருசம் கோட்டில ரைப் அடிச்சவன் சொல்லுறன், கேளும்.

— சரி, அது நிக்கட்டும். எனக்கு மூண்டு கொப்பி வேணும். ஒட்டாவாவுக்கு ஒண்டு, சங்கத்துக்கு ஒண்டு, எனக்கொண்டு.

— கொப்பிக்கு வைக்கிற காபன் முடிஞ்சுபோச்சு, பிள்ளை. கீழ கடையில கொப்பி எடுக்கிற மிசின் நிக்குது. அங்க எடும்.

— ஒரு தாளும் இல்லையோ?

— இல்லை.

— அதுவும் நிக்கட்டும். அடுத்தது அடியுங்கோ. 'அகதி வழக்குக் கேக்கிற புதுச் சபைக்குப் பத்மநாதன் எண்டவரைத் தெரிவு செய்திருக்கிறதா அறிஞ்சன். அந்த நியமனத்தை உறுதிப்படுத்தக் கூடாது.'

— மொட்டையாப் பத்மநாதன் எண்டு சொல்லாதையும். நீதவானா இருந்த மனிசன்.

— நீதவானா இருந்ததாலதானே எழுதுறன்.

— நான் சொல்லுறதைக் கொஞ்சம் கேளும். எங்கட சனத்தில ஒருத்தனை அந்தக் கதிரைக்கு அவங்கள் கூப்பிட்டது இதுதான் முதல்தரம். ஆட்சேபணை இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதச் சொல்லிச் சங்கத்துக்குக் கடிதம் வந்திருக்கு. இவ்வளவு நாளும் ஒருத்தரும் எழுதேல்லை. நீர் ஒராள் எழுதி அந்த மனிசன்ர தலையில மண்ணைப் போடப்போறீர். எழுதத்தான் வேணுமெண்டா எங்கட ஆக்கள் வழக்கமாச் செய்யிறமாதிரி ஒரு மொட்டைப் பெட்டிசம் போடும். பேர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். உமக்கும் கரைச்சல் இல்லை, எனக்கும் கரைச்சல் இல்லை.

— பேரில்லாத கடிதத்தை இந்த ஊரில ஆர் வாசிப்பினம், அண்ணை? உங்களுக்குத் தெரியும் வாசிக்கமாட்டினமெண்டு. அதாலதான் சொல்லுறியள்.

— நான் குசினிக்குள்ள நிண்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கன், தங்கச்சி. இந்தாங்க, தேத்தண்ணி. மறுகா நான் ஒண்டு கேக்கன், கோவிக்கப்படாது.

— கேளுங்கோ, வீரக்குட்டி அண்ணை. தியாகண்ணையோட ஒரே வீட்டில இருக்கிற நீங்கள் கேக்காம ஆர் கேக்கிறது.

— எனக்குத் தை மாசம் அகதிக் கேஸ். போனதரம் என்ன விசாரிச்ச வெள்ளக்காரன் என்ன கேட்டான் தெரியுமா? ஆமி உன்ர வீட்டுக்கு வந்தா நீ ஏன் பொலிசுக்குப் போகல்ல எண்டான். மட்டக்களப்பில ஆமியும் பொலிசும் ஒரே ஜீப்புல வாற கதை அவனுக்கு எப்படித் தெரியும், பாவம். கெட்டவனும் இல்ல. எனக்கு வேர்க்குதெண்டு தண்ணி ஊத்தித் தந்தான். ஆனா விளங்கல்ல. அந்தக் கதிரையில நம்மட ஆள் ஒருவர் இருந்தா இப்படிக் கேப்பாரா?

— கேக்கமாட்டார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் தம்பியைத் திருப்பி ஆமியிட்டை அனுப்பக் கையெழுத்து வைச்சவர்.

— அப்படிச் சொன்னா நான் என்ன சொல்றது. போன ஞாயிறு அஜின்கோர்ட்டில சங்கக் கூட்டத்துக்கு நானும் போனன். அவர் எழும்பி நிண்டு எல்லாருக்கும் வாக்குக் குடுத்தாரே. 'எனக்கு முன்னால வாற ஒருவரையும் முழுசாக் கேக்காம அனுப்பமாட்டன்' எண்டு. எனக்குக் கண் கலங்கிட்டு. நான்தான் முதல் கை தட்டின ஆள்.

— நானும் அங்க நிண்டனான், பின்வரிசையில. வாக்குக் குடுத்து முடிய ஒரு அன்ரி எழும்பி ஒரு கேள்வி கேட்டா. நினைவிருக்கோ?

— இருக்கு. ஆமி கொண்டுவந்து நிப்பாட்டின பொடியன்மார நீங்க என்ன செஞ்சீங்க எண்டு கேட்டா.

— அதுக்கு அவர் என்ன சொன்னவர்?

— 'ஒரு பொடியனும் என்னட்ட முறையிடல்ல. முறையிட்டிருந்தா டொக்டரிட்ட அனுப்பியிருப்பன்' எண்டார்.

— அந்த மறுமொழியைத்தான் நான் கடிதத்தில எழுதப்போறன். பழசைக்கூட விட்டிருப்பன், வீரக்குட்டி அண்ணை. ஆமியின்ர துவக்குக்கு நடுவில இருந்த மனிசன், எங்களுக்கென்ன தெரியும் எண்டு மூண்டு வருசமா எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தனான். ஆனா இந்த ஊரில, ஒரு துவக்கும் இல்லாத மண்டபத்தில, வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு சொன்னாரே, அதை என்னால விழுங்கேலாது.

— பிள்ளை, அது பொய்யெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்? பதிவிலயும் அப்பிடித்தானே இருக்கு. முறைப்பாடு இல்லை எண்டு.

— உங்களுக்கு எப்பிடித் தெரியும் அண்ணை, என்ர தம்பியின்ர பதிவில என்ன இருக்கெண்டு?

— பொதுவாச் சொன்னனான். எல்லாப் பதிவிலயும் அப்பிடித்தான் இருந்தது.

— தியாகண்ணன் அந்தக் கோட்டிலதானே அப்ப வேலை செஞ்சவர், தங்கச்சி. உங்களுக்குத் தெரியாதா? அந்த ஐயாவுக்கு வலது கை மாதிரி இருந்தவராம்.

— தெரியும். அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் கோட்டில நிண்டனீங்களோ, அண்ணை?

— எந்த வெள்ளி?

— எண்பத்தைஞ்சாம் ஆண்டு, வருசப்பிறப்புக்கு முன் வந்த வெள்ளி.

— அண்டைக்கு நான் லீவு. வருசப்பிறப்பு அலுவல். வேற ஆரோ அடிச்சது.

— சரி. நிக்கட்டும்.

— நான் வெளிக்கிடப் போறன், தியாகண்ணன். பஸ்ஸ விட்டா வேலைச் சிப்ற்றுக்குப் பிந்திரும். தங்கச்சி, போகமுன்ன ஒண்டு சொல்லிட்டுப் போறன். அவர் அந்தக் கதிரையில வேணுமெண்டு சொல்றது என்ர பயம். உங்கட தம்பிய நினைச்சா அதச் சொல்ல வெக்கமாக் கிடக்கு. தியாகண்ணனையும் ஒருக்கா யோசிங்க. இவர்ட பொஞ்சாதியும் ரெண்டு பொம்புளப் பிள்ளையும் கொழும்பில ஒரு லொட்ஜில கிடக்காங்க. இவருக்குப் பங்குனியில கேஸ். அந்த ஐயா எழுதிக் குடுத்த கடிதம் ஒண்டுதான் இவருக்குக் கையில இருக்கிற பிடி.

— அதெல்லாம் இப்ப ஏன், வீரக்குட்டி? நீர் போம். கதவைச் சாத்திப்போட்டுப் போம்.

— வாறன் தங்கச்சி.

— போட்டு வாங்கோ அண்ணை... நல்ல மனிசன்.

— நல்லவன். வாய்க்குத்தான் காவலில்லை. பிள்ளை, வெளிய இருட்டமுன்னம் நீரும் போகவேணும். மிச்சத்தைச் சொல்லும், அடிச்சுத் தாறன்.

— மிச்சம் இதுதான். இதை வாசியுங்கோ. அம்மா வழக்குப் போட எடுத்த சேட்டிபைட் கொப்பி. தம்பி மகேஸ்வரன்ர தாள்.

— கண்ணாடி எங்கயோ வைச்சிட்டன்.

— நெத்தியில கிடக்கு, அண்ணை.

— ம்... 'சந்தேகநபர் ஆஜர்படுத்தப்பட்டார். முறைப்பாடு இல்லை. பதினாலு நாள் காவல்.' கையெழுத்து ஐயாவின்ரதான். வேற என்ன?

— இடதுபக்கம், அடியில, மூலையில பாருங்கோ.

— என்ன அது, ஊத்தை பிரண்டதோ?

— ஊத்தை இல்லை. சின்னதா நாலு எழுத்து. பீ.என். எண்டு போட்டு, நடுவில ஒரு சரிவுக் கோடு, பிறகு ரீ.எல். நான் பெக்ரறியில இருக்கிற ஒபிஸ்காரப் பெண்ணிட்டைக் காட்டிக் கேட்டனான். ரைப் அடிக்கிற ஆக்களின்ர வழக்கமாம். சொன்னவரின்ர எழுத்து முதல், அடிச்சவரின்ர எழுத்து பிறகு. பத்மநாதன், தியாகலிங்கம். நீங்கள் லீவில நிக்கேல்லை, அண்ணை.

— பிள்ளை...

— சொல்லுங்கோ.

— இந்தத் தேத்தண்ணி ஆறிப்போச்சு. சூடாக்கிக்கொண்டு வரட்டோ?

— வேண்டாம். இருங்கோ. நேற்று நான் பிறம்ரனுக்குப் போனனான். சீமோன் எண்டு ஒரு பொடியன் அங்க வேர்ஹவுசில வேலை செய்யிறான். தம்பியோட ஒரே ஆமி வானில கோட்டுக்கு வந்தவன். கோட்டில தம்பிக்குப் பின்னால வரிசையில நிண்டவன். அவன் சொன்னதைச் சொல்லுறன், பிழையெண்டா நீங்கள் திருத்துங்கோ.

— சொல்லும்.

— அந்த வெக்கையிலயும் தம்பிக்கு முழுக்கைச் சேர்ட் போட்டு, கழுத்துவரைக்கும் பொத்தான் பூட்டிக் கொண்டுவந்தவங்களாம். ஐயா நிமிந்து பாத்து, 'ஏதும் முறைப்பாடு இருக்கோ' எண்டு கேட்டவராம். அவனுக்கு முன்னால போன எல்லாரும் தலையை ஆட்டிப்போட்டுப் போனவை. தம்பி 'ஓம் ஐயா' எண்டவனாம். 'கையைக் கட்டித் தூக்கினவங்கள் ஐயா, ரெண்டு கையும் வேலை செய்யுதில்லை' எண்டவனாம். ஆமி ஒபிசர் பக்கத்தில நிக்க நிக்கச் சொன்னவன். பல்லி மேல விழுந்தா வீடு முழுக்கக் கேக்கக் கத்துற பிள்ளை, அண்ணை. அவனுக்கு எங்கயிருந்து அந்தத் துணிவு வந்ததோ எனக்குத் தெரியாது.

— மெள்ளமாத்தான் சொன்னவன். ஆனா வடிவாக் கேட்டது.

— அப்ப நடந்தது சரி.

— சரி.

— பிறகு ஐயா தன்ர மேசையில கிடந்த தாளை எடுத்து, பக்கத்து மேசையில ரைப் அடிக்கிறவரிட்டை நீட்டினவராம். அவர் வாங்கேல்லையாம். முன்னுக்குக் குனிஞ்சு ஐயாவுக்கு ஏதோ சொன்னவராம். ஐயா கொஞ்சநேரம் தாளைக் கையில வைச்சுக்கொண்டு இருந்துபோட்டு, திருப்பி மேசையில வைச்சுக் கையெழுத்துப் போட்டவராம். என்ன சொன்னதெண்டு சீமோனுக்குக் கேக்கேல்லை. அதைக் கேக்கத்தான் நான் வந்தனான். இங்கிலீசில கடிதம் அடிக்கத் தெரிஞ்ச ஆக்கள் இந்த மல்வேர்னில வேறயும் இருக்கினம்.

— நீர் முதலே இதைக் கேட்டிருக்கலாமே.

— கேட்டிருந்தா கதவைத் திறந்திருப்பியளோ?

— இல்லை.

— அதுதான்.

— பிள்ளை, அந்த நேரம் வேலை நடந்த விதத்தை நீர் விளங்கவேணும். வெள்ளிக்கு வெள்ளி வான் வரும். பதினைஞ்சு, இருபது பேர். காலமை எட்டுமணிக்கே ஆமிக் காம்பில இருந்து பேர்ப்பட்டியல் வந்திடும். நான் அதைப் பாத்து எல்லாருக்கும் தாளை அடிச்சு, அடுக்கி, ஐயாவின்ர மேசையில வைச்சிடுவன். பேர், வயசு, ஆஜர்படுத்தப்பட்டார், முறைப்பாடு இல்லை, பதினாலு நாள். கையெழுத்து மட்டும்தான் மிச்சம்.

— வான் வரமுன்னமே முறைப்பாடு இல்லையோ?

— வான் வரமுன்னமே.

— அப்பிடி அடிக்கச்சொல்லி ஆர் சொன்னது?

— ஒருத்தரும் சொல்லேல்லை. ஒருத்தனும் வாய் திறக்கிறதில்லை, எல்லாத் தாளும் ஒரேமாதிரி, அப்ப ஏன் மத்தியானம் வரைக்கும் இருந்து அடிப்பான் எண்டு நானாத்தான் தொடங்கினன். முதல் கிழமை ஐயா தாளைப் பாத்தார், என்னைப் பாத்தார், ஒண்டும் சொல்லேல்லை. அதோட வழக்கமாப் போச்சு. வேலை கெதியா முடியுதெண்டு எல்லாருக்கும் சந்தோசம்.

— ஒருத்தன் வாய் திறந்தா?

— அந்தத் தாளைக் கிழிச்சுப்போட்டு, காபன் வைச்சு வேற அடிக்கவேணும். முறைப்பாடெண்டு ஒரு சொல் விழுந்தாச் சரி, சட்டப்படி திருப்பி காம்புக்கு அனுப்பேலாது. டொக்டரிட்டை, ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேணும்.

— அம்மா பதினாலு நாளும் ஆஸ்பத்திரி வாசலிலதான் நிண்டவ. காயம்பட்ட பிள்ளை, எப்பிடியும் இங்க கொண்டு வருவாங்கள் எண்டு. பதினைஞ்சாம் நாள் காம்பில சொன்னாங்கள், நாங்கள் அவனை எப்பவோ விட்டாச்சு எண்டு. விட்ட பிள்ளை இன்னும் வீட்டுக்கு வரேல்லை. நீங்கள் ஐயாவுக்கு என்ன சொன்னனீங்கள், அண்ணை?

— ஒபிசர் என்னை முறைச்சுப் பாத்துக்கொண்டு நிண்டவன்.

— என்ன சொன்னனீங்கள்?

— 'காபன் முடிஞ்சுபோச்சு சேர்' எண்டன்.

— முடிஞ்சிருந்ததோ?

— மேசை லாச்சிக்குள்ள காபன் புதுப்பெட்டி கிடந்தது. அண்டு காலமைதான் உடைச்சது.

— அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?

— பயமெண்டு இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தனான். பாதிதான் பயம், பிள்ளை. மற்றப் பாதியை நான் என்ர மனிசி கமலத்துக்குக்கூடச் சொன்னதில்லை. பதினாறு தாள் அடிச்சு முடிச்சிட்டன். அண்டைக்கு வான் பிந்தி வந்து நேரம் ஒரு மணி. வருசப்பிறப்புக்கு உடுப்பெடுக்கக் கூட்டிக்கொண்டு போறனெண்டு பெட்டையளுக்குச் சொல்லியிருந்தனான். திருப்பி அடிக்க அலுப்பாக் கிடந்தது. உவன் ஒருத்தனால பிந்தப்போகுதே எண்டு ஒரு எரிச்சல். அவ்வளவுதான்.

— பெட்டையளுக்கு உடுப்பு எடுத்தனீங்களோ?

— எடுத்தனான்.

— இண்டைக்கு நான் வந்து கதிரையில இருந்தவுடன நீங்கள் முதல் சொன்ன பொய் என்னெண்டு தெரியுமோ, அண்ணை? காபன் முடிஞ்சுபோச்செண்டு. மேசைக்குக் கீழ புதுக் காபன் பெட்டியின்ர மட்டை கிடந்ததைக் கண்டனான். சும்மா ஒரு கடுதாசிக்கு இந்த மனிசன் ஏன் பொய் சொல்லுது எண்டு யோசிச்சனான். இப்பதான் விளங்குது.

— அது வாயில வந்திட்டுது, பிள்ளை. ஆர் கேட்டாலும் அதுதான் வாயில வருது.

— சரி. ஐயா தாளை நீட்டினதை எழுதுங்கோ. ஒளிக்கவேண்டாம். அது அந்த மனிசனுக்கு நல்லது. பிறகு கையெழுத்து வைச்சதையும் எழுதுங்கோ. போன ஞாயிறு ஒரு பொடியனும் முறையிடேல்லை எண்டு சொன்னதையும் எழுதுங்கோ. அவரைக் கதிரையில இருத்துறதோ விடுறதோ, ஒட்டாவாவில இருக்கிறவை தீர்மானிக்கட்டும். ஆனா முழுக்கதையும் அவையின்ர மேசைக்குப் போகவேணும். அந்தக் கதிரைக்கு முன்னால இனி வீரக்குட்டி அண்ணை போய் நிக்கப்போறார். அவர் வாய் திறக்கேக்க மேசையில அடிச்சு வைச்ச தாள் கிடக்கக்கூடாது.

— நீர் சொல்லுறதை அடிச்சுத் தாறன், பிள்ளை. அது என்ர கடமை. கீழ நீர்தானே கையெழுத்து வைப்பீர்?

— நான் வைச்சா அது கேள்விப்பட்ட கதை, அண்ணை. நீங்கள்தானே சொன்னனீங்கள், காணாததைக் கண்டதெண்டு எழுதினா குப்பையில போடுவாங்களெண்டு.

— அப்ப?

— முதல் வசனத்தைத் திருப்பிச் சொல்லுறன். 'அண்டைக்கு நான் அந்தக் கோட்டில இருந்தனான்.' அதை நான் எனக்கெண்டு சொல்லேல்லை.

— சீமோன் இருக்கிறானே. அவன் வைக்கட்டும்.

— அவனுக்கு நீங்கள் சொன்னது கேக்கேல்லை. உங்களுக்குத்தான் தெரியும்.

— உமக்கு விளங்குதோ நீர் என்ன கேக்கிறீரெண்டு? ஐயா தந்த கடிதத்தில என்ர கேஸ் நிக்குது. நான் நேர்மையான உத்தியோகத்தன் எண்டு அவர் எழுதித் தந்திருக்கிறார். இதை நான் எழுதினா அந்தக் கடிதம் செல்லாக்காசு. அதைவிட, சித்திரவதைக்கு உடந்தையா இருந்தவன் எண்டு என்னையே திருப்பி அனுப்பலாம். கமலம் ஒவ்வொரு ஞாயிறும் லொட்ஜ்காரன்ர போனுக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு, எப்ப கூப்பிடுவியள் எண்டு கேக்கிறாள். அவளுக்கு நான் என்னெண்டு சொல்லுவன்?

— எனக்குத் தெரியாது, அண்ணை.

— ஒண்டும் வராது எண்டாவது ஒரு வார்த்தை சொல்லும்.

— வாக்குக் குடுக்கிற ஆளைப் பற்றித்தானே இவ்வளவு நேரமும் கதைச்சனாங்கள். நான் ஒரு வாக்கும் தரமாட்டன். உங்கட இடத்தில நான் இருந்தா செய்வனோ எண்டும் எனக்குத் தெரியாது. கேக்கவேணும் எண்டு வந்தனான், கேட்டிட்டன். தம்பியின்ர தாளைத் தாங்கோ, நான் வெளிக்கிடுறன். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் கிடக்கு.

— பொறும்.

— பஸ் வரப்போகுது, அண்ணை. சப்பாத்துப் போட்டிட்டன்... ஏன் மிசினில இருந்து கடிதத்தை இழுக்கிறியள்? பாதிதானே அடிச்சது, கிழியப்போகுது.

— கிழியட்டும். இது பிழையான தாள், முதல் வசனத்திலயிருந்து திருப்பி அடிக்கவேணும். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாரும், பிள்ளை. உமக்குப் பக்கத்தில இருக்கிற அந்த லாச்சியைத் திறவும். காபன் கிடக்கு.